ராசிக் கட்டத்தில் ஓர் இயற்கணிதப் பாடம்



போன செமஸ்டர் விடுமுறையில், கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் சுண்டலை வாங்கிக்கொண்டு லயத்துக்கு ஓடிவிட்டார்கள். ஒரு தங்கச்சி மட்டும் போகாமல் நின்றாள். பல்கலைக்கழகத்தில் கணிதம், இரண்டாம் ஆண்டு. அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அம்மா இன்னும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்.

"அண்ணே, கோர்ஸ் மாத்துற பாரம் பூர்த்தி பண்ணிட்டேன். ஒரு தடவ பார்த்துக் கொடுக்குறீங்களா?"

"ஏம்மா, எஸ்.டி.பி.எம்.ல கணக்குல நல்லாத்தானே எடுத்த?"

"அது வேற கணக்குண்ணே. இப்ப அப்ஸ்டிராக்ட் அல்ஜீப்ரான்னு ஒரு பாடம். இதுல நம்பரே இல்ல. கூட்டு, பெருக்குன்னா செஞ்சிடுவேன். இவங்க 'நிரூபி'ன்னு மட்டும்தான் கேக்குறாங்க. நமக்கு இது ஒத்து வராதுண்ணே."

'எனக்கு' என்று அவள் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். 'நமக்கு' என்றாள். அந்த ஒரு சொல்லில் லயமும் தோட்டமும் தமிழ்ப்பள்ளியும் எல்லாமே வந்துவிட்டன. பாரத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, மண்டபச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றினேன். அதில் ராசிபலன் கட்டம் இருந்தது. அன்று அவளுக்குச் சொன்ன பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே பாடத்தில் திணறும் தம்பி தங்கைகள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு படியுங்கள். இது கையால் படிக்க வேண்டிய பாடம்.

1. குலம் என்றால் என்ன?

பன்னிரண்டு ராசிகளுக்கும் எண் கொடுப்போம். மேஷம் 0, ரிஷபம் 1, மிதுனம் 2, கடகம் 3, சிம்மம் 4, கன்னி 5, துலாம் 6, விருச்சிகம் 7, தனுசு 8, மகரம் 9, கும்பம் 10, மீனம் 11. மீனத்துக்குப் பிறகு மறுபடியும் மேஷம்.

ஜோதிடர் மேஷத்தை 1 என்றுதான் எண்ணுவார். நாம் ஏன் 0 என்கிறோம்? நமக்கு இங்கே எண் என்பது இடத்தின் பெயர் மட்டும் அல்ல, 'எத்தனை அடி நகர வேண்டும்' என்பதும்தான். மேஷத்திலிருந்து மேஷத்துக்குப் போக எத்தனை அடி? ஒன்றும் வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அந்தச் சும்மா இருப்பதற்கும் ஓர் எண் வேண்டும். அதுதான் 0.

இரண்டு நகர்வுகளை அடுத்தடுத்துச் செய்வதைக் 'கூட்டுதல்' என்போம். 5 அடி, பிறகு 10 அடி என்றால் 15. ஒரு முழுச் சுற்று 12 போக மீதம் 3. ஆகவே இந்தச் சக்கரத்தில் 5 + 10 = 3.

இப்போது நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

அடைப்பு விதி: எந்த இரண்டைக் கூட்டினாலும் விடை இந்தப் பன்னிரண்டுக்குள்ளேயே இருக்கிறது. சக்கரத்தை விட்டு வெளியே போவதில்லை.

சேர்ப்பு விதி: மூன்று நகர்வுகள் இருந்தால், முதல் இரண்டை முதலில் சேர்த்தாலும் கடைசி இரண்டை முதலில் சேர்த்தாலும் ஒரே இடத்தில்தான் நிற்போம்.

சமனி: 0. அதை எதனோடு கூட்டினாலும் எதுவும் மாறாது.

எதிர்மறை: ஒவ்வொரு நகர்வையும் ரத்து செய்ய இன்னொரு நகர்வு இருக்கிறது. 5 அடி போனவர் இன்னும் 7 அடி போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவார். ஆகவே 5-இன் எதிர்மறை 7.

இந்த நான்கும் இருந்தால் அது 'குலம்'. ஆங்கிலப் புத்தகத்தில் 'குரூப்', மலாயில் 'கும்புலான்'. வேறு எதுவும் இல்லை. தங்கச்சி கேட்டாள்: "அவ்ளோதானா?" அவ்வளவுதான். ஆனால் இந்த நான்கு வரிகளிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதில்தான் பாடமே இருக்கிறது.

2. திரிகோணமும் கேந்திரமும்

காலண்டர் படிக்கும் பாட்டிகளுக்கும் திரிகோணம் தெரியும். ஒன்று, ஐந்து, ஒன்பதாம் இடங்கள். நம் கணக்கில் 0, 4, 8. அதாவது மேஷம், சிம்மம், தனுசு.

இந்த மூன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். 4 + 4 = 8. 4 + 8 = 12, அதாவது 0. 8 + 8 = 16, அதாவது 4. மூன்றும் தங்களுக்குள்ளேயே சுற்றுகின்றன. சமனி 0 உள்ளே இருக்கிறது. 4-க்கு எதிர்மறை 8, அதுவும் உள்ளேயே. பெரிய குலத்துக்குள் ஒரு சின்னக் குலம்! இதற்குப் பெயர் உட்குலம்.

கேந்திரம் என்பது ஒன்று, நான்கு, ஏழு, பத்தாம் இடங்கள். நம் கணக்கில் 0, 3, 6, 9. இதுவும் உட்குலம்தான். நீங்களே சரிபாருங்கள்.

சரி, மேஷம், ரிஷபம், மிதுனம் என்று 0, 1, 2 எடுத்தால்? 1 + 2 = 3. கடகம் வெளியே நிற்கிறது. அடைப்பு விதி உடைந்துவிட்டது, ஆகவே இது உட்குலம் அல்ல. ஒரு வரையறையைப் படித்ததும் பொருந்தும் உதாரணம் ஒன்று, பொருந்தாத உதாரணம் ஒன்று என இரண்டும் எழுதிப் பழகுங்கள். இந்தப் பாடத்தில் பாதி வெற்றி அதில் இருக்கிறது.

3. நெருப்பு, நிலம், காற்று, நீர்

ராசிகளை நான்கு தத்துவங்களாகப் பிரிப்பார்கள்.

நெருப்பு: மேஷம், சிம்மம், தனுசு (0, 4, 8)
நிலம்: ரிஷபம், கன்னி, மகரம் (1, 5, 9)
காற்று: மிதுனம், துலாம், கும்பம் (2, 6, 10)
நீர்: கடகம், விருச்சிகம், மீனம் (3, 7, 11)

முதல் வரி நம் உட்குலம். இரண்டாவது வரி அதையே ஒரு அடி தள்ளி வைத்தது. மூன்றாவது இரண்டு அடி, நான்காவது மூன்று அடி. இப்படி ஓர் உட்குலத்தை அப்படியே தள்ளி வைத்தால் கிடைப்பதைத்தான் உங்கள் புத்தகம் 'கோசெட்' என்கிறது. தமிழில் இணைக்கணம். தங்கச்சியைப் பயமுறுத்திய சொல் இதுதான். பாட்டி பத்து வயதில் மனப்பாடம் செய்த பட்டியல்!

இப்போது முதல் நிரூபணம். ஒரு ராசி இரண்டு வெவ்வேறு வரிகளில் வர முடியுமா? வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உட்குலத்தின் பெயர் 'உ'. ஒரு வரி, உ-வை அ அடி தள்ளியது. இன்னொரு வரி ஆ அடி தள்ளியது. பொது ராசி ஒன்று இருந்தால், அது அ + ப ஆகவும் இருக்கும், ஆ + ம ஆகவும் இருக்கும். இங்கே ப, ம இரண்டும் உ-வின் உறுப்புகள். அப்படியானால் அ = ஆ + (ம − ப). உ ஒரு குலம் என்பதால் ம − ப அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அ என்பது ஆ-வின் வரியிலேயே இருக்கும் ஓர் உறுப்பு. அங்கிருந்து உ-வைத் தள்ளினாலும் அதே வரிதான் வரும். இரண்டும் ஒரே வரி. ஆகவே வெவ்வேறு வரிகள் ஒன்றையொன்று தொடவே தொடாது.

ஒவ்வொரு வரியிலும் ஒரே எண்ணிக்கை. வரிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. எல்லா ராசியும் ஏதாவது ஒரு வரியில் இருக்கிறது. ஆகவே மொத்தம் = வரியின் நீளம் × வரிகளின் எண்ணிக்கை. 12 = 3 × 4.

இது பன்னிரண்டுக்கு மட்டும் அல்ல, உறுப்புகளை எண்ணி முடிக்கக்கூடிய எந்தக் குலத்துக்கும் பொருந்தும். உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை பெரிய குலத்தின் எண்ணிக்கையை மீதமில்லாமல் வகுத்தே தீரும். இதுதான் லாக்ராஞ்ச் தேற்றம். ஆகவே பன்னிரண்டு ராசிகளில் ஐந்து உறுப்புள்ள உட்குலத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கிடைக்காது. தேடிப் பார்க்காமலே 'கிடைக்காது' என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது பாருங்கள், நிரூபணத்தின் பலம் அதுதான்.

ஆனால் கவனம். தேற்றத்தைத் திருப்பிப் படிக்கக் கூடாது. எண்ணிக்கை வகுபட்டாலே உட்குலம் இருந்துவிடும் என்று பொருள் இல்லை. 12 உறுப்புள்ள இன்னொரு குலம் இருக்கிறது, ஏ4 என்பார்கள். அதில் 6 உறுப்புள்ள உட்குலமே கிடையாது. பரீட்சையில் பலர் வழுக்கி விழும் இடம் இது.

4. தத்துவங்களையே கூட்டலாமா?

இங்கேதான் தங்கச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நில ராசி ஒன்று, காற்று ராசி ஒன்று எடுத்துக் கூட்டுங்கள். ரிஷபம் + மிதுனம் = 1 + 2 = 3, கடகம், நீர். கன்னி + கும்பம் = 5 + 10 = 15, அதாவது 3, மறுபடியும் நீர். கன்னி + மிதுனம் = 7, விருச்சிகம், அதுவும் நீர். எந்த நிலத்தை எடுத்தாலும், எந்தக் காற்றை எடுத்தாலும் விடை நீர்தான். ஆகவே 'நிலம் + காற்று = நீர்' என்று துணிந்து எழுதலாம். நான்கு தத்துவங்களும் சேர்ந்து நான்கே உறுப்புள்ள புதிய குலமாகிவிட்டன. நெருப்புதான் அதன் சமனி. இதற்குப் பெயர் ஈவுக் குலம்.

எப்படிப் பிரித்தாலும் இப்படி வருமா? வராது. முதல் நான்கு ராசி, நடு நான்கு, கடைசி நான்கு என்று பிரித்துப் பாருங்கள். முதல் கூட்டத்திலிருந்து 0 + 0 = 0, விடை முதல் கூட்டத்திலேயே. அதே கூட்டத்திலிருந்து 3 + 3 = 6, விடை நடுக் கூட்டத்தில். 'முதல் + முதல்' என்பதற்கு ஒரே விடை இல்லை. கூட்டலே குழம்பிவிட்டது. விரிவுரையாளர் 'நன்கு வரையறுக்கப்பட்டதா?' என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். அவர் குறை கண்டுபிடிக்கவில்லை. உங்கள் கூட்டலுக்கு அர்த்தம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

ராசிகளுக்குச் சரம், ஸ்திரம், உபயம் என்ற இன்னொரு பிரிவும் உண்டு. சரம் 0, 3, 6, 9. ஸ்திரம் 1, 4, 7, 10. உபயம் 2, 5, 8, 11. இது கேந்திரத்தின் இணைக்கணங்கள். தத்துவம் ஒன்று, குணம் ஒன்று சொன்னால் ஒரே ஒரு ராசிதான் அகப்படும். 'நீர், ஸ்திரம்' என்றால் விருச்சிகம் மட்டும்தான். 4-க்கும் 3-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுஎண் இல்லாததால் இது நடக்கிறது. இதையே உங்கள் புத்தகம் 'சீன மீதித் தேற்றம்' என்ற பெயரில் சொல்கிறது.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ராசிபலனை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இந்தப் பாடத்துக்கு அது தேவையில்லை. கட்டம் மட்டும் போதும்.

5. வாசல் கோலத்தில் இன்னொரு குலம்

ராசிச் சக்கரத்தில் 5 + 10-உம் 10 + 5-உம் ஒன்றுதான். எல்லாக் குலமும் அப்படி அல்ல. நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்கும் சதுரக் கோலம் ஒன்றை ஒரு தாளில் போடுங்கள். அதைக் கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று சுற்றலாம், சும்மா விடலாம், நான்கு விதமாகத் திருப்பிப் போடலாம். எட்டுச் செயல்கள், எல்லாவற்றுக்கும் பிறகும் கோலம் அதேபோல் தெரியும்.

இப்போது மேல் இடது மூலையில் சின்னதாக ஒரு புள்ளி வையுங்கள். முதலில் வலப்பக்கமாகக் கால் சுற்று, பிறகு இடம் வலமாகத் திருப்புங்கள். புள்ளி மேல் வலது மூலைக்குப் போய், மறுபடியும் மேல் இடதுக்கே வந்துவிடும். வரிசையை மாற்றுங்கள். முதலில் திருப்பி, பிறகு சுற்றினால், புள்ளி கீழ் வலது மூலையில் நிற்கும். செயல் இரண்டும் அதேதான். வரிசை மாறியதும் விடை மாறிவிட்டது. பரிமாற்று விதி இல்லாத குலம் இது.

கோலத்தைக் கணிதமாகப் பார்ப்பது வெறும் வேடிக்கை அல்ல. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1970களில் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். கணினி எப்படிப் படங்களை உருவாக்கலாம் என்ற ஆராய்ச்சியில் அவை இன்றும் பேசப்படுகின்றன.

6. பெருமையும் பொறுப்பும்

இளைஞர் கூட்டங்களில் 'எல்லாம் நம்ம முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க' என்று பேசுவது உண்டு. கேட்க இனிக்கும். ஆனால் உண்மையைச் சரியாகச் சொன்னால்தான் பெருமை நிலைக்கும்.

பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் 'பாவனை' என்ற முறை இருக்கிறது. ஒரு வர்க்கத்தை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் இன்னொரு வர்க்கம் வர வேண்டும் என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். 2-உம் 3-உம் ஒரு விடை, ஏனெனில் 2 × 4 + 1 = 9. பாவனை முறையில் இந்த விடையை அதனோடே சேர்த்தால் 12-உம் 17-உம் கிடைக்கும். சரிபாருங்கள்: 2 × 144 + 1 = 289, அது 17-இன் வர்க்கம். இரண்டு விடைகளிலிருந்து மூன்றாவது விடையைப் பிறப்பிக்கும் செயல் இது. இன்றைய கண்ணால் பார்த்தால் அங்கே ஒரு குலம் ஒளிந்திருக்கிறது. (0, 1) என்ற விடைதான் சமனி.

ஆனால் 'குலம்' என்ற பொதுக் கருத்தை அவர் சொல்லவில்லை. அது 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்தது. 20 வயதில் இறந்த கால்வா (1811–1832) அதன் விதையைப் போட்டார். கேலி 1854-இல் பொதுவான வரையறை நோக்கி நகர்ந்தார். பெண் என்பதால் ஊதியமில்லாமல் பாடம் நடத்த நேர்ந்த எம்மி நோதர் இன்றைய வடிவத்துக்கு வழி காட்டினார். அவருடைய, ஆர்ட்டினுடைய விரிவுரைகளை வைத்து வான் டெர் வார்டன் எழுதிய நூலின் முதல் பாகம் 1930-இல் வந்தது. கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929. நம் முன்னோர் இந்த மலையில் தேயிலை நட்ட அதே நாட்களில்தான் இந்தப் பாடமும் புத்தகமானது. அவ்வளவு புதிய பாடம் இது. யாருக்கும் பரம்பரைச் சொத்து அல்ல.

தமிழர் யாராவது இதில் சாதித்தார்களா என்று கேட்பீர்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும், வட ஆர்க்காட்டுத் தண்டரை கிராமத்தில் பிறந்த எம்.எஸ். நரசிம்மனும், இருவரும் 1932-இல் பிறந்தவர்கள். சென்னை லயோலா கல்லூரியில் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரிடம் படித்தார்கள். பிறகு மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையம். 1965-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் அவர்கள் பெயராலேயே உலகெங்கும் அழைக்கப்படுகிறது. குலங்களையும் வடிவியலையும் இணைக்கும் பாலம் அது. சேஷாத்ரி கர்நாடக இசையும் நன்றாகப் பாடுவார். 1989-இல் அவர் தொடங்கிய கல்விக்கூடம்தான் இன்றைய சென்னைக் கணிதக் கழகம். நரசிம்மன் பிறந்த தண்டரை ஒரு கிராமம்தான்.

7. எப்படிப் படிப்பது?

ஒன்று, வரையறையைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யுங்கள். தேவாரம் மனப்பாடம் செய்த நமக்கு இது பெரிய வேலையா? பொருள் பிறகு விரியும், ஆனால் சொல் பிசகக் கூடாது.

இரண்டு, சின்னக் குலங்களின் அட்டவணையைக் கையால் போடுங்கள். 4, 6, 8 உறுப்புள்ளவை போதும். தேற்றம் வந்ததும் அவற்றில் சோதித்துப் பாருங்கள்.

மூன்று, நிரூபணத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஏன்?' என்று எழுதி விடை எழுதுங்கள். விடை தெரியாத வரிதான் நாளைக்கு விரிவுரையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி. கேட்க வெட்கப்படாதீர்கள். 'ஒண்ணுமே புரியல சார்' என்று போனால் அவரால் உதவ முடியாது. 'இந்த ஏழாவது வரி புரியல சார்' என்று போங்கள்.

நான்கு, மூன்று மொழியிலும் சொல்லிப் பாருங்கள். குரூப், கும்புலான், குலம். ரிங், கெலாங்காங், வளையம். ஃபீல்ட், மெடான், களம். வீட்டில் தமிழில் சொல்லி விளங்கவைக்க முடிந்தால் உங்களுக்கு விளங்கிவிட்டது என்று பொருள்.

ஐந்து, தனியாகப் படிக்காதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் பலகையில் எழுத மற்றவர் 'ஏன்?' கேட்கட்டும்.

'இதைப் படிச்சி என்ன வேலை கிடைக்கும்?' என்று வீட்டில் கேட்டால், உங்கள் வாட்ஸ்அப் செய்தியை வேறு யாரும் படிக்க முடியாமல் பூட்டி வைப்பதே ஒரு குலத்தின் கணக்குதான் என்று சொல்லுங்கள். வங்கி, தகவல் பாதுகாப்பு, மென்பொருள் எல்லா இடத்திலும் இந்தச் சிந்தனை தேவைப்படுகிறது.

பயிற்சி

1. ஒரு தோட்டத்தில் 0 முதல் 11 வரை பன்னிரண்டு மலை, வட்டமாக இருக்கின்றன. கொழுந்து எடுக்கும் கும்பல் தினமும் 5 மலை தாண்டிப் போகிறது. எல்லா மலைக்கும் போவார்களா? 4 மலை தாண்டினால்? எந்தெந்த எண்ணுக்கு எல்லா மலையும் கிடைக்கும்?

2. சீன நண்பர்களின் ஆண்டுக் கணக்கில் 12 விலங்குகளும் 10 தண்டுகளும் ஒன்றாகச் சுழலும். ஆனால் 120 ஆண்டுகள் அல்ல, 60 ஆண்டில் சுற்று முடிந்துவிடும். நம் பிரபவ முதல் அட்சய வரையும் 60 தானே! சீனச் சுற்றில் ஏன் 120 வரவில்லை? 'நீர், ஸ்திரம்' உதாரணத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

3. சுற்றினால் பொருந்தி, திருப்பிப் போட்டால் பொருந்தாத சிக்குக் கோலம் ஒன்றைப் போடுங்கள். அதன் குலத்தில் எத்தனை உறுப்புகள்?

அன்று மாலை விளக்கேற்றும் நேரம் வரை தங்கச்சி முதல் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். 1, 5, 7, 11 என்று நான்கு எண்களைக் கண்டுபிடித்தாள். "ஏண்ணே இந்த நாலு மட்டும்?" என்று அவளே கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. கால் மணி நேரம் கழித்து அவளே சொன்னாள்.

கோர்ஸ் மாற்றும் பாரத்தை நான் கிழிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தேன். மாறுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. மாறினாலும் அதில் தவறில்லை. பிடித்த படிப்புக்குப் போகட்டும். ஆனால் 'நமக்கு ஒத்து வராது' என்ற காரணத்தை மட்டும் அந்தப் பாரத்தில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அது உண்மை இல்லை என்பதை அன்று அவளே நிரூபித்துவிட்டாள்.

உங்கள் விடைகளோடு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். வளையத்தைப் பற்றி அங்கே பேசுவோம்.